சுவரில் மஞ்சள் கைகள்

கைக்காரருக்குக் கேடயம் கொடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, அவருடைய மச்சானை அடக்கம் செய்யப் போய்வந்த செருப்பில் சேறுகூடக் காயவில்லை. செய்தி கொண்டுவந்தவர் அலுவலக வண்டியின் டிரைவர். எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. துக்கத்துக்குப் பாதி, சந்தோஷத்துக்குப் பாதி என்று ஒரு முகத்தை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"அண்ணே, பெரியவர் கையால தர்றாங்க. மேடையில. குடும்பத்தோட வரச் சொன்னாங்க."

"எதுக்கு?" என்றாள் கைக்காரரின் மனைவி.

"விதிப்படி நடந்துக்கிட்டதுக்குக்கா."

"செத்தது எங்கண்ணன். கேடயம் இவருக்கா?"

"உங்க அண்ணிக்கும் ஒரு பொன்னாடை இருக்குக்கா" என்றார் டிரைவர், ஏதோ தன் கைக்காசைப் போட்டு வாங்கிவந்தவர்போல.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. பெய்யவும் மாட்டேன், போகவும் மாட்டேன் என்று கிளம்ப மனமில்லாத விருந்தாளிபோல அந்த வாரம் முழுக்க அப்படித்தான் இருந்தது. கைக்காரர் உள்ளே நாற்காலியில் இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். செய்தி அவர் காதிலும் விழுந்தது. "கேடயம்" என்றார். அவ்வளவுதான்.

எதைச் சொன்னாலும் அதன் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வது அவருடைய தொழில் பழக்கம். அதைப் புரிந்துகொள்ள அவருடைய தொழிலைச் சொல்லியாக வேண்டும்.

அந்தக் குடியிருப்பில் இருந்த எல்லோரும் இரட்டை வேலிக்கு அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள். வேலிக்குள் இருப்பதை, அலுவலகத் தலைவரான பெரியவர் மேடையில் 'தேசத்தின் கவசம்' என்பார். பத்திரிகைக்காரர்கள் அணுகுண்டு என்பார்கள். வேலை பார்த்தவர்கள் அதை மாப்பிள்ளை என்றார்கள். ஒரு வேலையும் செய்யாது. ஆனால் உபசாரத்தில் ஒரு குறை வைக்கக் கூடாது. வேர்க்கக் கூடாது, குளிரக் கூடாது, தூசி படக் கூடாது. கோபம் மட்டும் வந்துவிட்டால் வீடு வாசல் ஒன்றும் மிஞ்சாது. வேறு என்ன பெயர் வைப்பது? மாப்பிள்ளை ஒருவரல்ல, பலர். எத்தனை பேர் என்று கேட்கக் கூடாது.

மாப்பிள்ளைக்கும் வயசாகும். ரப்பர் வளையம் காய்ந்துபோகும், கம்பி வெளுக்கும், திருகு தளரும். அவ்வப்போது திறந்து, மாற்றி, மூட வேண்டும். ஒருநாளும் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காகவே அதை எந்நேரமும் பயன்படுத்தத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று பெரியவர் விளக்குவார். அது புரிந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. புரியாதவர்கள் கையில் ஸ்பானர் கிடைத்தது.

மாப்பிள்ளை அறைக்குள் யாரும் தனியாக இருக்க முடியாது. எப்போதும் இரண்டு பேர். ஒருவர் புத்தகத்தைப் பார்த்துப் படிப்பார். இன்னொருவர் செய்வார். படிப்பவரை வாய் என்பார்கள், செய்பவரைக் கை என்பார்கள். "இடப்பக்கத் திருகைத் தளர்த்து" என்பார் வாய். "திருகைத் தளர்த்துகிறேன்" என்று கை திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்து, "ஆச்சு" என்பார். 'ஆச்சு' வராமல் வாய் அடுத்த வரியைப் படிக்கக் கூடாது. வாய் படிக்காமல் கை ஒரு விரலைக்கூட அசைக்கக் கூடாது. மரியாதைக்கெல்லாம் அங்கே இடமில்லை. மாப்பிள்ளையின் முன்னால் எல்லோரும் 'நீ'தான்.

கைக்காரருக்கு வாயாக இருந்தவர்தான் பிறகு அவருக்கு மச்சான் ஆனார். சோடி சேர்ந்தது முதலில், சம்பந்தம் அதற்கப்புறம். இரண்டு வருஷம் தன் சொல்படி ஆடிய கையைப் பார்த்துவிட்டு, "இவன்தான் என் தங்கச்சிக்குச் சரி. சொன்னதைத் திருப்பிச் சொல்லிட்டு அப்படியே செய்யறான்" என்று முடிவுகட்டினார். உறவினர்கள் ஒரே சோடியாக இருக்கலாமா என்று அலுவலகம் ஒரு குழு போட்டு யோசித்தது. மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்ப்பது இயற்கையே அமைத்துக்கொடுத்த ஏற்பாடு என்று குழு கண்டுபிடித்து, சோடியைப் பிரிக்காமல் விட்டது.

"உள்ள ஒரு மாப்பிள்ளை, வெளிய ஒரு மாப்பிள்ளை. ரெண்டு பேருக்கும் நான்தான் சேவகம்" என்று வாய்க்காரர் தங்கை வீட்டில் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே சொல்வார். "உள்ள இருக்கிறவன் பரவாயில்லம்மா. உப்பு பத்தலைன்னு சொல்ல மாட்டான்."

இனி அந்த மஞ்சள் கைகள். மாப்பிள்ளை அறைச் சுவரில் இரண்டு உள்ளங்கைகளை மஞ்சள் பெயின்டில் வரைந்திருந்தார்கள். இரண்டு பேரில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், மீதி இருப்பவர் அந்தக் கணமே தனியாள். தனியாளை மாப்பிள்ளையோடு விட முடியாது. அவர் என்ன செய்வாரோ, யார் கண்டது? அதனால் அவர் பின்னால் நகர்ந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி, மஞ்சள் கைகளின்மேல் தன் கைகளை வைத்து, "ஒற்றை!" என்று கத்த வேண்டும். மாற்றுச் சோடி வரும்வரை கையை எடுக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துப்பாக்கியோடு காவலர் நிற்பார். கையை எடுத்தால் அவருக்கும் ஒரு விதி இருந்தது.

அடிக்கடி ஒத்திகை நடக்கும். ஒத்திகையில் விழுவது எப்போதும் வாய்க்காரர்தான். நாக்கைத் தொங்கவிட்டு, கையைக் காலை உதறி, காவலருக்கே சிரிப்பு வரும்படி விழுவார். படுத்த இடத்திலிருந்தே, "மாப்ளே, சொத்தெல்லாம் உனக்குத்தான். மறக்காம என் வீட்டுக்காரிக்கு ஒரு போர்வை வாங்கிக் கொடு" என்று முனகுவார். சுவரைப் பார்த்து நின்றபடி கைக்காரர் சிரிப்பை அடக்கித் தோள் குலுங்குவார். தோள் குலுங்கியதற்கு ஒருமுறை எச்சரிக்கை வந்தது.

அன்றைக்கு நிஜமாகவே விழுந்தார்.

மாற்றுச் சோடி வரத் தாமதமானது. அவர்கள் குளித்து, உடை மாற்றி, செருப்பு மாற்றித்தான் உள்ளே வர முடியும். பாதி உடை மாற்றியபின் அவர்களில் ஒருவர், காலையில் சளிக்கு மாத்திரை போட்டதாக நேர்மையாகச் சொன்னார். மாத்திரை போட்டவருக்கு மாப்பிள்ளையைப் பார்க்கத் தகுதியில்லை. வேறொருவரைக் கேன்டீனிலிருந்து எழுப்பி அழைத்துவர வேண்டியிருந்தது. அவரும் குளிக்க வேண்டியிருந்தது.

"விழுந்தாரு. போயிட்டாரு" என்று கைக்காரர் வீட்டில் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். மாரடைப்பு, நிமிஷத்தில் முடிந்துவிட்டது என்று குடியிருப்பே பேசிக்கொண்டது. அந்த வகையில் புண்ணியவான், கஷ்டப்படாமல் போனார் என்று அவர் தங்கையும் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அவளுக்கு விளங்காதது ஒன்றுதான். கைக்காரர் அழவே இல்லை.

அழக் கூடாது என்பதற்கும் காரணம் இருந்தது. மன நிதானப் பிரிவு என்று ஒன்று உண்டு. தூக்கம் கெட்டாலும், பெண்டாட்டியோடு முறைத்துக்கொண்டாலும், கண்ணீர் விட்டாலும் அங்கே போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் மாப்பிள்ளை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். வேலை போனால் வீடும் போகும். அதனால் அந்தக் குடியிருப்பில் புருஷன் பெண்டாட்டி சண்டையெல்லாம் குழாயைத் திறந்துவிட்டுத்தான் நடக்கும். சாயங்காலம் தெருவில் நடந்து போனால், எந்த வீட்டில் தண்ணீர் அதிகம் ஓடுகிறதோ அந்த வீட்டுச் சங்கதி எல்லோருக்கும் தெரியும். ஆனால் காதில் எதுவும் விழாது.

பக்கத்து வீடுதான் வாய்க்காரரின் வீடு, அவளுடைய அண்ணி வீடு. வேகவைத்த முட்டையும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு போனாள் அவள்.

"உன் வீட்டுக்காரர் சாப்பிட்டாரா?" என்றாள் அண்ணி.

"சாப்பிட்டாரு அண்ணி. முட்டைன்னா முட்டை, ரொட்டின்னா ரொட்டி. தட்டுல கல்லை வச்சாலும் 'கல்லு'ன்னு சொல்லிட்டுத் தின்னுடுவாரு போல."

"அழுதாரா?"

"எங்க?"

"ஒரு தடவை அழச் சொல்லும்மா. உள்ளயே வச்சிருந்தா ஆகாது."

"நிதானப் பிரிவு அதிகாரி வந்து கேப்பாரு அண்ணி. அழுதாருன்னா வேலை போயிரும், வீடு போயிரும்."

அண்ணி முட்டையைத் தட்டி ஓட்டை உரித்தாள். "என் வீடு எப்படியும் போகப்போகுது. உங்க வீட்டுக்கும் சேத்து நானே அழுதுடறேன், விடு." பிறகு பழக்கதோஷத்தில், "அந்தக் குழாயைக் கொஞ்சம் திற" என்றாள்.

விழா அரங்கில் மேடை ஓரத்தில் மாப்பிள்ளையைப் போலவே பிளைவுட்டில் ஒரு பொம்மை செய்து வைத்திருந்தார்கள். நிஜ மாப்பிள்ளை இப்படி இருக்க மாட்டார் என்று தெரிந்தவர்கள் எல்லோரும், இப்படித்தான் இருப்பார் என்று தலையாட்டினார்கள். முன்வரிசையில் அண்ணியும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியின் தோளில் போர்த்திய பொன்னாடை நழுவிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெரிய அதிகாரியின் மனைவி, ஒவ்வொரு தடவையும் அதை எடுத்து மறுபடி போர்த்திவிட்டாள்.

பெரியவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். நன்றாக வேலை செய்த மைக்கை இன்னும் இரண்டு தட்டு தட்டினார்.

"அன்பர்களே! நாடு நிம்மதியாக உறங்குகிறது என்றால், எங்கோ ஒருவன் கைகள் நடுங்காமல் இருக்கின்றன என்று பொருள்!" கைதட்டல். "அந்தக் கைகளை இன்று நான் உங்களுக்குக் காட்டுகிறேன்!"

கைக்காரர் மேடையில் நின்று, தன் கைகளைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அன்று நடந்ததை ஒலிப்பதிவில் நானே கேட்டேன். தோழர் விழுகிறார். 'மாப்ளே, தண்ணி' என்று கேட்கிறார்."

அண்ணியின் தலை நிமிர்ந்தது.

"சாதாரண மனிதன் என்ன செய்திருப்பான்? ஓடியிருப்பான்! மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டிருப்பான்! விதியாவது ஒன்றாவது என்றிருப்பான்! நம் கைக்காரர் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. அதுமட்டுமா? வாய் சொன்னதைக் கை திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற விதியை, அந்த நேரத்திலும், அன்பர்களே, அந்த நேரத்திலும் மறக்கவில்லை. 'தண்ணி' என்று திருப்பிச் சொன்னார்! ஒருமுறை அல்ல, தோழர் கேட்ட ஒவ்வொரு முறையும்!"

இந்த இடத்தில் பெரியவர் பேச்சை நிறுத்தினார். மேசையில் மூடி வைத்திருந்த தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, மூடியை ஒழுங்காக வைத்தார்.

கைதட்டலாமா என்று அரங்கம் ஒரு கணம் யோசித்தது. முன்வரிசை அதிகாரி ஒருவர் தட்டினார். அவர் தட்டியதால் பின்வரிசை தட்டியது. பிறகு எல்லோரும் தட்டினார்கள். பொன்னாடை மறுபடி நழுவியது. அதிகாரி மனைவி இந்தத் தடவை அதை எடுக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

கேடயத்திலும் இரண்டு உள்ளங்கைகள் இருந்தன. பொன் முலாம்.

வண்டியில் திரும்பும்போது டிரைவர் ரேடியோவைப் போடப்போய், கையை இழுத்துக்கொண்டார். வாசலில் இறங்கியதும் அண்ணி கைக்காரரின் முன்னால் வந்து நின்றாள். தூறல் இரண்டு பேர் தலையிலும் விழுந்தது.

"ரொம்ப நேரம் கேட்டாரா, அண்ணா?"

"கேட்டுக்கிட்டே இருந்தாரு."

"அப்புறம்?"

"அப்புறம் கேக்கல."

அண்ணி தலையை ஆட்டினாள். கடையில் ஒரு பொருள் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் ஆட்டுவதுபோல ஆட்டினாள். பொன்னாடையை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கைக்காரரும் மனைவியும் காது கொடுத்து நின்றார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் குழாய்ச் சத்தம் கேட்கவில்லை. எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் அவள் சமையலறைக் குழாயைத் திருகித் திறந்தாள்.

"விழுந்தாரு, போயிட்டாருன்னீங்களே!"

"விழுந்தாரு. போயிட்டாரு."

"நடுவுல?"

தொட்டியில் தண்ணீர் சளசளவென்று விழுந்தது.

"என்னங்க, உங்களைத்தான். நடுவுல என்ன?"

"மொதல்ல நடிக்கிறாருன்னு நெனச்சேன்" என்றார் அவர். "ஒத்திகைன்னு நெனச்சேன். அப்புறம் குரல் வேற மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாத்தா தெரிஞ்சிருக்கும். திரும்பக் கூடாதே."

"திரும்பினா?"

"சுட்டிருப்பாங்க."

"சுட்டிருந்தா?"

அந்தக் கேள்வி புத்தகத்தில் இல்லாத கேள்வி. அவள் ஈரக்கையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் ஒரே போர்வைக்குள் படுத்த மனுஷனை இப்போதுதான் யாரோ கொண்டுவந்து அறிமுகப்படுத்தியதுபோல இருந்தது.

மறுநாள் மன நிதானப் பிரிவு அதிகாரி வந்தார். குடியிருப்பில் அவருக்கு நிதானம் என்றே பெயர். சிரிப்பதற்கு முன்பு சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டுச் சிரிப்பார். ஒரு பேனா, ஒரு காகிதம். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். கைக்காரரை எதிரே உட்காரவைத்தார். அவள் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

"இந்த டீக்காகவே அடிக்கடி யாராவது..." என்று ஆரம்பித்தவர், அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். "சரி. தூக்கம் எப்படிம்மா?"

"தூங்கறாரு சார்."

"சாப்பாடு?"

"சாப்பிடறாரு."

"கோபம், சண்டை?"

"இல்ல."

"அழுகை?"

அவள் கைக்காரரைப் பார்த்தாள். அவர் முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒரு சொட்டுக்கூட இல்ல சார்" என்றாள்.

"ரொம்ப நல்லது" என்று நிதானம் மனநிறைவோடு பிஸ்கட்டை டீயில் முக்கினார். "இப்படி ஒரு ஆளைத்தான் நாங்க தேடறோம். நம்ம பிரிவிலயே இவரை ஒரு உதாரணமா..."

உதாரணத்தின் நடுவில் பிஸ்கட் தவறான வழியில் போய்விட்டது. நிதானம் இருமினார். முகம் சிவந்தது. கண் பிதுங்கியது. பேனா உருண்டது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "தண்... தண்ணி!" என்றார்.

கைக்காரர் எழுந்தார். இரண்டடி பின்னால் நகர்ந்தார். சுவரைப் பார்த்துத் திரும்பினார். காலண்டருக்கும் ஸ்விட்ச் போர்டுக்கும் நடுவில், வெறும் சுவரில், இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தார்.

"தண்ணி" என்றார்.

"தண்ணி!" என்று நிதானம் கரகரத்தார்.

"தண்ணி" என்றார் கைக்காரர், சுவரிடம்.

அவளுக்குக் கால் நகரவில்லை. அண்ணன் செத்த அறையை அவள் பார்த்ததில்லை, யாரும் பார்க்க விடமாட்டார்கள். இப்போது அது அவள் வீட்டுக் கூடத்திலேயே இருந்தது. அந்த முதுகு. விரித்த விரல்கள். அந்தக் குரலில் பயமில்லை, இரக்கமில்லை, ஒன்றுமே இல்லை. கேட்கும் வார்த்தைக்குத் திரும்பிப் போகும் வார்த்தை, அவ்வளவுதான்.

மூன்றாவது "தண்ணி"க்குத்தான் அவளுக்கு உயிர் வந்தது. சமையலறைக்கு ஓடினாள். தம்ளரை நிதானத்தின் வாயில் வைத்து, முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிஸ்கட் வெளியே வந்தது. நிதானம் கண்ணைத் துடைத்தார், வாயைத் துடைத்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அதற்கப்புறம்தான் சுவரோரம் நின்றவர் அவர் கண்ணில் பட்டார்.

"நான் செத்திருப்பேனேம்மா" என்றார் சின்னக் குரலில்.

"ஆமா சார். விதிப்படி."

நிதானம் காகிதத்தைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். உத்தியோகம் மெல்ல மெல்ல அவர் உடம்புக்குள் திரும்பி வந்தது. தொண்டையைச் செருமி, "பதற்றம் இல்லை. அது... ஒரு வகையில பாத்தா ரொம்ப உயர்ந்த..." என்று பேனாவைத் தேடினார்.

"பேனா இந்தாங்க. ஆனா இன்னும் எழுதாதீங்க" என்றாள் அவள்.

சமையலறையில் அவசரத்தில் திறந்துவிட்டு வந்த குழாய் ஓடிக்கொண்டிருந்தது. போய் அதை இறுக மூடினாள். திரும்பி வந்து, கைக்காரருக்குப் பின்னால், ஒரு வாய் நிற்கும் தூரத்தில் நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து 'என்னங்க' தவிர வேறு வார்த்தையில் அவரைக் கூப்பிட்டதில்லை. அண்ணன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே விளையாட்டாகப் படித்துக் காட்டுவாரே, அந்த ராகம் இல்லாத குரலைத் தொண்டைக்குள் தேடி எடுத்தாள்.

"இடது கையை எடு."

அவர் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது.

"இடது கையை எடுக்கிறேன்" என்றார். எடுத்தார். "ஆச்சு."

"வலது கையை எடு."

"வலது கையை எடுக்கிறேன். ஆச்சு."

"திரும்பு."

"திரும்புகிறேன்." திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தார். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே மூக்கு. "ஆச்சு."

"அம்மா, இதெல்லாம் என் முன்னால வேண்டாமே" என்றார் நிதானம். "நான் பாத்துட்டா எழுதியாகணும். வேலை... வீடு... யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சுட்டேன் சார். பொட்டி கட்ட எனக்குத் தெரியும்." அவள் கைக்காரரிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அழு."

கைக்காரர் வாயைத் திறந்தார். "அழு..." என்றார். வாக்கியம் முடியவில்லை. உள்ளங்கை இரண்டும் அவர் முன்னால் விரிந்தபடி, எதன்மேல் வைப்பது என்று தெரியாமல் நின்றன. அவள் அடுத்ததைப் படிக்கவில்லை. 'ஆச்சு' வராமல் படிக்கக் கூடாது. டீயில் ஆடை படிந்தது. வெளியே தூறல் ஒரு முடிவுக்கு வந்து மழையாக இறங்கியது.

முதலில் அவர் தாடை ஆடியது. பிறகு நாட்டைக் காத்த அந்தக் கைகள் நடுங்கின. விரல் விரலாக நடுங்கின. பிறகு அவருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தக் குடியிருப்பில் குழாய் ஓடாமல் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. அது சுவரைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் அண்ணி கதவைத் திறக்கும் ஓசை கேட்டது.

நிதானம் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, எழுந்து போகலாமா கூடாதா என்று தெரியாமல், நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் குனிந்து, மரியாதையாக, மெல்லக் கேட்டார்.

"ஆச்சாம்மா?"

"இல்ல சார்" என்றாள் அவள். "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காரு."